துப்பாக்கி வன்முறையும் சமூகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது பெரிய துப்பாக்கிச்சூடு நடந்தால் இரண்டு மூன்று நாள் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறோம். அப்போது கிளம்பும் கேள்விகள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். அமெரிக்க எடுத்துக்காட்டுகள் நிறைய வரும். அங்கே துப்பாக்கியும் அதிகம், அதைப் பற்றிய ஆய்வும் அதிகம். மற்ற நாடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பொருளில்லை.

துப்பாக்கி வன்முறை என்றால் கொலை மட்டும்தானா?

இல்லை. ஒருவர் இன்னொருவரைச் சுடுவது, தன்னையே சுட்டுக்கொள்வது, குழந்தை விளையாட்டாக விசையை இழுத்துவிடுவது, காவலர் சுடுவது, சுடாமலே துப்பாக்கியைக் காட்டி மனைவியை மிரட்டுவது எல்லாமே இதில் அடங்கும். போர்ச் சாவுகளைப் பொதுவாகத் தனிக் கணக்கில் வைப்பார்கள். அப்படி ஒதுக்கிய பிறகும், 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 2.5 லட்சம் பேர் துப்பாக்கியால் இறந்ததாக ஒரு பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. அதில் பாதி ஆறே நாடுகளில்: பிரேசில், அமெரிக்கா, மெக்சிகோ, கொலம்பியா, வெனிசுவேலா, குவாத்தமாலா. இவற்றில் எதுவும் அப்போது அண்டை நாட்டோடு சண்டையில் இல்லை.

பள்ளியிலும் கடைவீதியிலும் புகுந்து கூட்டமாகச் சுட்டுக்கொல்வதுதானே இதில் பெரும்பகுதி?

செய்திகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கணக்கு வேறு. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,000க்கும் மேற்பட்டவை தற்கொலைகள். கொலைகள் ஏறத்தாழ 21,000. கூட்டக் கொலைகளில் இறப்பவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு ஓரிருவர்தான்.

கொலைகளிலும் பெரும்பாலானவை சாதாரணத் தகராறுகளில் முளைத்தவை. குடித்துவிட்டு வாய்ச்சண்டை, பழைய பகை, கடன், கணவன் மனைவி சண்டை, இரண்டு கும்பல்களுக்கு இடையே ஒரு தெருவுக்கான போட்டி. கையில் துப்பாக்கி இல்லாவிட்டால் மூக்கு உடைந்து முடிந்திருக்கும் சண்டைகள் பல. இவை உள்ளூர்ச் செய்தியில் நான்கு வரி வந்தாலே பெரிது.

அதற்காகக் கூட்டக் கொலைகள் சிறிய விஷயம் என்று சொல்லவில்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சேண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு நாள் ஒரு நாட்டின் பெற்றோர் அனைவரையும் உலுக்கியது. ஆனால் தடுப்புத் திட்டத்தை முழுக்க அந்த ஒரு வகைச் சம்பவத்துக்காகவே வகுத்தால், மீதி 98 பேர் கணக்கில் வரமாட்டார்கள்.

தற்கொலையை ஏன் இதில் சேர்க்கிறார்கள்? சாக முடிவெடுத்தவருக்கு வேறு வழியா கிடைக்காது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஏனென்றால், நன்கு படித்தவர்கள்கூட இந்த எண்ணத்தை மனத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள், அது தவறு.

தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. பலருக்கு அது சில நிமிடங்கள், சில மணி நேரம். அந்த நேரத்தைக் கடத்திவிட்டவர்கள், முயன்று பிழைத்தவர்கள் உட்பட, பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த இடைவெளியைத் தருவதில்லை. மனம் மாறவோ, யாராவது கதவைத் தட்டவோ, மருத்துவமனைக்குக் கொண்டுபோகவோ அவகாசம் கிடையாது.

இதற்கு இரண்டு நாடுகளில் நடந்ததைப் பாருங்கள். இஸ்ரேல் ராணுவத்தில் இளம் படைவீரர்கள் வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியையும் எடுத்துச் செல்வது வழக்கமாக இருந்தது. 2006இல் அதை மாற்றி, முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். படைவீரர்களின் தற்கொலை சுமார் 40 விழுக்காடு குறைந்தது. குறைந்ததும் பெரும்பாலும் வார இறுதியில்தான். வார நாட்களில் குறிப்பிடும்படியான மாற்றமில்லை. மன ஆறுதல் வகுப்போ புது மருந்தோ இதற்குக் காரணமல்ல, ஒரு பொருள் எந்த அறையில் இருக்கிறது என்பது மாறியது, அவ்வளவுதான்.

சுவிட்சர்லாந்தில் 2003இல் ராணுவத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். வீடுகளில் இருந்த ராணுவத் துப்பாக்கிகளும் அதோடு குறைந்தன. படையில் சேரும் வயதிலுள்ள ஆண்களின் தற்கொலை இறங்கியது. வேறு வழிக்கு மாறியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

ஒரு தோட்டா உடலுக்குள் உண்மையில் என்ன செய்கிறது?

திரையில் தோளில் சுடப்பட்ட நாயகன் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த சண்டைக்குப் போய்விடுவான். அந்தத் தோளில் ஒரு பெரிய ரத்தக்குழாயும், கை முழுவதையும் இயக்கும் நரம்புக் கற்றையும் ஓடுகின்றன.

கைத்துப்பாக்கித் தோட்டா பொதுவாக நொடிக்கு 300 முதல் 400 மீட்டர் வேகத்தில் வரும். ஏஆர்-15 வகை நீள்துப்பாக்கியின் தோட்டா நொடிக்கு 900 மீட்டரையும் தாண்டும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால் இரண்டாவது வகைத் தோட்டா தான் போகும் பாதையை மட்டும் கிழிப்பதில்லை. சுற்றியிருக்கும் தசையை ஒரு கணம் பலூன்போல் விரித்துக் கிழித்துவிடுகிறது. கல்லீரல் போன்ற நெகிழ்வற்ற உறுப்பு அதைத் தாங்காது. எலும்பில் பட்டால் எலும்புத் துண்டுகளும் தோட்டாக்களாக மாறும். 2022 மே மாதம் அமெரிக்காவின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டபோது, குழந்தைகளை அடையாளம் காணப் பெற்றோரிடம் டிஎன்ஏ மாதிரி கேட்டார்கள். ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்தில் நிற்பவர் காயத்தில் துணியைத் திணித்து, முழு எடையையும் போட்டு அழுத்திப் பிடித்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கை கால் என்றால் காயத்துக்கு மேலே இறுக்குப்பட்டை கட்ட வேண்டும். இந்தப் பயிற்சியைப் பொதுமக்களுக்கே சொல்லித்தரும் இயக்கம் 2015இல் அமெரிக்காவில் தொடங்கியது. பள்ளி ஆசிரியர்கள் அதில் சேர்ந்து கற்றுக்கொள்கிறார்கள்.

பிழைத்தவர்களின் கதை அங்கிருந்துதான் ஆரம்பம். தண்டுவடத்தில் பட்டவர் சக்கர நாற்காலியில் இருக்கலாம். குடலில் பட்டவர் மாதக்கணக்கில் வயிற்றில் பை கட்டிக்கொண்டு திரியலாம். எடுக்க முடியாத இடத்தில் தங்கிய தோட்டாவிலிருந்து ஈயம் மெல்ல ரத்தத்தில் கலப்பதும் உண்டு.

குண்டு படாதவர்களுக்கு என்ன பாதிப்பு?

இதை அளப்பது கடினம், ஆனால் அளந்திருக்கிறார்கள். சிகாகோவில் ஒரு சமூகவியல் ஆய்வு நடந்தது. குழந்தைகளுக்கு வாசிப்பு, சொல்வளத் தேர்வு வைத்த தேதிகளையும், அவர்கள் வசிக்கும் பகுதியில் கொலை நடந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குள் பக்கத்தில் கொலை நடந்திருந்தால், அதே பகுதியின் மற்றக் குழந்தைகளைவிட அவர்களின் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. அந்தக் குழந்தை கொலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் கதவு சீக்கிரம் சாத்தப்பட்டிருக்கும், அம்மா தூங்கியிருக்க மாட்டார், வெளியே விளையாட விட்டிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கப் பள்ளிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இப்போது பூட்டுப் பயிற்சி நடக்கிறது, அதாவது கொலையாளி புகுந்தால் வகுப்பைப் பூட்டிக்கொண்டு ஒளியும் பயிற்சி. விளக்கை அணைக்க வேண்டும். கதவுக் கண்ணாடியிலிருந்து தெரியாத மூலையில் உட்கார வேண்டும். கைபேசி ஒலி எழுப்பக் கூடாது. யாராவது வெளியிலிருந்து "காவல்துறை, திறங்கள்" என்று தட்டினாலும் திறக்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைகள் இதைச் செய்கிறார்கள். பயிற்சி உயிரைக் காக்கிறதா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. குழந்தைகளைப் பயமுறுத்துகிறது என்பதில் பெரிதாக இல்லை.

பிறகு துக்கம். 2023இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தன் குடும்பத்தில் ஒருவரைத் துப்பாக்கியால் இழந்ததாகச் சொன்னார். தற்கொலையும் சேர்த்து. ஐந்தில் ஒருவர் என்றால் ஒவ்வொரு அலுவலகத்திலும், ஒவ்வொரு பேருந்திலும் சிலர். தொடர்ந்து சூடு நடக்கும் தெருவில் கடைகள் மாலையிலேயே அடைக்கப்படும், வசதி உள்ளவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு போவார்கள், போக முடியாதவர்கள் மிஞ்சுவார்கள். சாட்சி சொல்ல ஆளிருக்காது. சாட்சி இல்லாததால் கொலையாளி பிடிபடமாட்டான். பிடிபடாததால் இறந்தவனின் தம்பி தானே கணக்குத் தீர்க்கக் கிளம்புவான்.

மனநோய்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. கடும் மனநோயை முற்றாக ஒழித்துவிட்டாலும் அமெரிக்க வன்முறையில் சுமார் 4 விழுக்காடுதான் குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மனநோய் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது, துப்பாக்கிச் சாவு அப்படி இல்லை. மனநலம் தற்கொலையோடு நெருங்கிய தொடர்புடையது, அது உண்மை. ஆனால் பிறரைக் கொல்வதற்கு நல்ல முன்னறிகுறி நோய்ப் பெயர் அல்ல: முன்பு யாரையாவது அடித்திருக்கிறானா, மிரட்டியிருக்கிறானா, குடித்தால் கை நீளுமா என்பவைதான். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் "பைத்தியக்காரன்" என்று ஒதுக்கிவிடுவது நமக்கு வசதி, அவ்வளவே.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் பாதுகாப்புதானே?

திருடன் வருவான் என்று வாங்குகிறார்கள். வாங்கியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் கோபப்படுகிறவர்களும், மனமுடைகிறவர்களும், மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் யாரேனும் கொலையாகும் அபாயம், இல்லாத வீட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 1993இலேயே ஓர் ஆய்வு கண்டது. மனைவியை ஏற்கெனவே அடிக்கும் ஆணின் கையில் துப்பாக்கி கிடைத்தால், அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்காகிறது. குடும்ப வன்முறைக்காகத் தடையாணை விதிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2024இல் உறுதிசெய்தது.

"துப்பாக்கியோடு ஒரு நல்லவர் இருந்தால் கெட்டவனைத் தடுத்துவிடுவார்" என்று ஒரு வாதம் உண்டு. யுவால்டியில் பயிற்சி பெற்ற, ஆயுதம் தாங்கிய 376 பேர் வந்து சேர்ந்தார்கள். கொலையாளியை எதிர்கொள்ள 77 நிமிடம் ஆனது.

துப்பாக்கியைக் குறைத்தால் வன்முறை குறைகிறதா?

குறைகிறது, ஆனால் எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைக் கொன்றான். சில வாரங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஒரே சட்டத்துக்கு ஒத்துக்கொண்டன. அரைத்தானியங்கி நீள்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டு, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில், ஐந்து பேருக்குக் குறையாமல் இறந்த துப்பாக்கிச்சூடுகள் 13 நடந்திருந்தன. அடுத்த 20 ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அங்கும் நடந்திருக்கிறது. துப்பாக்கிச் சாவுகள் 1996க்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன, சட்டத்துக்கு முழுப் பெருமையும் கொடுக்க முடியாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பின் இறங்கிய வேகம் அதிகம்.

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டன் 1997இல் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்தது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டு ஒரு மாதம் முடிவதற்குள் நியூசிலாந்து நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் சட்டம் போட்டது.

தடை மட்டும்தான் வழி என்றில்லை. வாங்குவதற்கு முன் காவல்துறையிடம் அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்று கனெக்டிகட் மாநிலம் 1995இல் விதித்தது. துப்பாக்கிக் கொலைகள் குறைந்தன. அதே போன்ற விதியை மிசோரி மாநிலம் 2007இல் நீக்கியது, அங்கே கூடின. எனக்கு இந்த ஜோடிதான் எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சான்றாகப் படுகிறது, ஏனென்றால் இரு திசையிலும் சோதனை நடந்திருக்கிறது.

சட்டம் போட்டால் நல்லவர் கையில் இருப்பதுதான் போகும். ரவுடி கள்ளத்துப்பாக்கி வாங்கிக்கொள்வானே?

கள்ளத்துப்பாக்கி வானத்திலிருந்து விழுவதில்லை. பட்டறையில் அடிக்கும் நாட்டுத்துப்பாக்கிகளைத் தவிர்த்தால், ஏறத்தாழ எல்லாமே ஏதோ ஒரு தொழிற்சாலையில் சட்டப்படி செய்து, ஏதோ ஒரு கடையில் சட்டப்படி விற்கப்பட்டவை. வேறொருவர் பெயரில் வாங்குவது, வீட்டிலும் காரிலும் திருடுவது, கிடங்கிலிருந்து கைமாற்றுவது என்று எங்கோ ஓரிடத்தில் தடம் மாறுகின்றன. மெக்சிகோவில் குடிமக்கள் சட்டப்படி துப்பாக்கி வாங்குவது மிகக் கடினம். ஆனால் அங்கே பிடிபட்டுத் தடம் தேட அனுப்பப்படும் துப்பாக்கிகளில் பத்தில் ஏழு அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஹைட்டியில் துப்பாக்கித் தொழிற்சாலையே இல்லை, ஆனாலும் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு நாட்டின் தளர்ந்த சட்டம் பக்கத்து நாட்டின் பிணவறையில் தெரியும். இதற்காகத்தான் 2013இல் ஐநா ஆயுத வணிக ஒப்பந்தத்தை ஏற்றது.

முயல்பவன் எப்படியும் செய்துவிடுவான் என்பதற்கு ஜப்பானைக் காட்டுவார்கள். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றவன் வீட்டில் தானே செய்த துப்பாக்கியைத்தான் பயன்படுத்தினான். உண்மை. கடையில் வாங்க முடியாததால் தானே செய்ய வேண்டியிருந்தது. அப்படிச் செய்யும் பொறுமை உள்ளவர்கள் மிகச் சிலர் என்பதால்தான் அங்கே இது உலகச் செய்தியாகிறது.

அமெரிக்கா ஏன் மாறவில்லை?

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791லிருந்து இருக்கிறது. அந்த உரிமை தனிநபருக்கானது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல்தான். 2022இல் துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லும் உரிமையையும் விரித்தது. இதற்கிடையே, 2017 நிலவரப்படி அங்கே குடிமக்களிடம் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருந்தன, மக்கள்தொகையைவிட அதிகம். இவ்வளவு புழங்கும்போது நாளைக்கே விற்பனையை நிறுத்தினாலும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும். ஒன்றுமே மாறவில்லை என்பதும் சரியல்ல. 2022 ஜூனில் இரு கட்சியும் சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேற்றின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அது முதல் பெரிய சட்டம்.

சட்டத்தைத் தவிர வேறு எதுவும் பலிக்கிறதா?

பலிக்கிறது, அதுவும் செலவு குறைவாக. நகரங்களில் சூடு எல்லாத் தெருவிலும் நடப்பதில்லை. சில தெருமுனைகளிலும், ஒருவரையொருவர் அறிந்த சில நூறு பேருக்குள்ளும்தான் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் ஆளைத் தெரிந்து போய்ப் பேச முடியும். தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000இல் சிகாகோவில் தொடங்கிய திட்டத்தில், முன்பு அதே தெருவில் திரிந்து சிறைக்கும் போய்வந்தவர்களையே வேலைக்கு வைத்தார்கள். ஒருவன் சுடப்பட்டான் என்றால் மருத்துவமனைக்கு ஓடிப்போய், பழிவாங்கக் கிளம்பும் நண்பர்களை அன்று இரவு மட்டும் தடுத்து நிறுத்துவது அவர்கள் வேலை. எல்லா ஊரிலும் ஒரே பலன் கிடைக்கவில்லை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிலடெல்பியாவில் இன்னும் எளிதாக ஒன்று செய்தார்கள். குப்பை மண்டிக் கிடந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல் போட்டு, சில மரக்கன்று நட்டு, இடுப்பளவு மரவேலி அடித்தார்கள். எந்த மனைகள் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால் ஒப்பிட முடிந்தது. ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. ஒளித்துவைக்க இடம் போயிற்று, வயதானவர்கள் வெளியே வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

விழாவில் வானத்தை நோக்கிச் சுடுவதில் என்ன ஆபத்து?

மேலே போனது கீழே வரும். விழும் தோட்டா மண்டையோட்டைத் துளைக்கப் போதுமான வேகத்தில் வரலாம். மேலும் கூட்டத்தில் சுடுபவர் பெரும்பாலும் நேர் மேலே பிடிப்பதில்லை. இந்தியா 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது.

இப்படிப்பட்ட செய்தியைப் பகிரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கொலையாளியின் படம், பெயர், அறிக்கை, அவனே எடுத்த காணொளி எதையும் பரப்ப வேண்டாம். கூட்டக் கொலை செய்பவர்களில் பலர் முந்தைய கொலையாளிகளைப் படித்துப் பின்பற்றியவர்கள். கிறைஸ்ட்சர்ச் கொலையாளி தாக்குதலை நேரலையில் ஒளிபரப்பினான். அவன் பெயரைத் தன் வாயால் சொல்லவே போவதில்லை என்று நியூசிலாந்தின் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். முதல் சில மணி நேரத்தில் வரும் இறப்பு எண்ணிக்கையும், "இரண்டாவது ஆள்" பற்றிய தகவலும் பெரும்பாலும் தவறாக இருக்கும். காத்திருக்கலாம்.

வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. வீட்டில் ஒருவர் சில நாட்களாக மனமுடைந்து இருக்கிறார். என்ன செய்வது?

இன்றைக்கே துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். உங்கள் நாட்டுச் சட்டப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். உடனே முடியாவிட்டால் தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனி இடத்தில் பூட்டுங்கள். சாவி அவர் அறியாத இடத்தில் இருக்கட்டும். "அவருக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியாது" என்று நம்பாதீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பிறகு அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே ஆறுதல். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பேசுங்கள். அவர் தேறி வந்துவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றியதும் துப்பாக்கியைத் திரும்ப எடுத்துவர அவசரப்பட வேண்டாம். சிகிச்சை பார்க்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.